பிஸ்கட் மேஜைக்கும் ஒரு சீட்டு

சின்னவள் கை தூக்கும் விதத்தை அவளுடைய அக்கா பல வருடங்களாகக் கவனித்து வந்திருக்கிறாள். அந்தக் கை முழுதாக மேலே போகாது. தோள் வரைக்கும் எழும். யாரும் பார்க்கவில்லை என்றாலும் சரி, யாராவது பார்த்துவிட்டாலும் சரி, அங்கிருந்து காதுப் பக்கம் திரும்பிவிடும். தோட்டை ஒரு திருகு திருகுவாள், முடியை ஒதுக்குவாள், பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். வகுப்பில் பதில் தெரிந்தும் இப்படித்தான். கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றாலும் இப்படித்தான். பஸ்ஸில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்த நாட்கள் எத்தனையோ.

"உன் காதுல அப்படி என்னடி இருக்கு? ஒருநாள் கழண்டு கையோட வரப்போகுது" என்பாள் அம்மா.

 அக்காவும் அதிகம் பேசுகிறவள் அல்ல. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்து, இப்போது வீட்டின் கீழ்த்தளத்தில் தையலும் இஸ்திரியுமாக ஒரு கடை வைத்திருக்கிறாள். மெஷின் முன்னால் குனிந்திருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். யார் மனம் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

படித்து முடித்த சின்னவளுக்கு மின்சார ஒழுங்குமுறை அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மின்சாரம் தயாரிக்கிறவர்கள், கொண்டுவருகிறவர்கள், விற்கிறவர்கள் எல்லோரும் நியாயமாக நடக்கிறார்களா என்று பார்க்கிற அலுவலகம் அது. அவளை உட்காரவைத்த இடம் புகார்ப் பிரிவு. முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் வட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் குனிந்து, "ஏங்க கட்டணம் ஏறிச்சு?" என்று கேட்கும். இவள் "ஆணைப்படிங்க" என்பாள். முகம் போய்விடும். அடுத்த முகம் வரும்.

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா கேட்டாள்: "ஏன்டி, கரண்டுக்குச் சாயங்காலம் மட்டும் வேற விலையாமே? எதுக்கு?"

"ஆணைப்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சின்னவள்.

"போச்சு, வீட்டுலயும் கவுன்ட்டரைத் திறந்துட்டா" என்று அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தாள்.

அந்தப் பதில் இருக்கும் இடம் சின்னவளுக்குத் தெரியும். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடி, சந்தைக் கண்காணிப்புப் பிரிவு. மின்சாரம் ஒவ்வொரு மணிக்கும் என்ன விலைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று பார்ப்பதே அவர்கள் வேலை. டீ வாங்கப் போகும் சாக்கில் அந்த மாடி வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள். அங்கே ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அதே சமயம் புகார்ப் பிரிவை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போவதாகவும் முடிவாகியிருந்தது. மேலே போனால் வேலை உண்டு. இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்த இடத்துக்கு யார் என்பதை, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கான அறிமுகப் பயிற்சியில் பார்த்து முடிவு செய்வதாக மேல்மாடியின் தலைவி சொல்லிவிட்டார். அவரை "மேடம்" என்று சொன்னால் போதும், எந்த மேடம் என்று யாரும் கேட்பதில்லை.

பயிற்சி நடந்த மண்டபத்தில் ஏசி எலும்பைத் தொட்டது. வட்ட மேஜைகள், கொஞ்சம் பச்சையடித்த திரை, பயிற்சி முடியும் வரை மட்டும் எழுதும் இலவசப் பேனாக்கள். மின்நிலைய நிறுவனங்களிலிருந்து, விநியோக நிறுவனங்களிலிருந்து, ஒழுங்குமுறை அலுவலகத்திலிருந்து என்று எல்லாப் பக்கத்து இளவட்டங்களும் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் மேஜையில் ஒரு பித்தளை மணி வைத்திருந்தார். பேச்சு நீண்டால் ஒரு தட்டு.

அதிகம் தட்டு வாங்கியவன் வக்கீல். சின்னவளின் அலுவலகத்துச் சட்டப் பிரிவுக்காரன், சட்டம் படித்து வந்தவன், அந்த மூன்றாவது மாடி நாற்காலிமேல் அவனுக்கும் ஒரு கண். எழுந்தால் உட்காரமாட்டான்.

"தம்பி, இது கேள்வியா, சொற்பொழிவா?" என்று பயிற்சியாளர் கேட்பார்.

"முன்னுரைங்க சார், கேள்வி பின்னாடி வருது."

டங்.

சின்னவளிடமும் கேள்விகள் இருந்தன. எல்லாம் காதுவரை போய்த் திரும்பின.

முதல் நாட்களில் பாடம் முடிந்து, பிறகு விளையாட்டு ஆரம்பமானது. மூன்று மேஜைகள் மின்சாரம் தயாரிக்கிறவர்கள். ஒவ்வொரு சுற்றிலும் "இவ்வளவு தருகிறேன், இந்த விலைக்குத் தருகிறேன்" என்று சீட்டில் எழுதி, மடித்துத் தட்டில் போட வேண்டும். பயிற்சியாளர் சீட்டுகளைக் குறைந்த விலையிலிருந்து வரிசையாக அடுக்குவார். ஊருக்கு எவ்வளவு தேவையோ அதுவரை எடுப்பார். கடைசியாக எடுத்த சீட்டில் என்ன விலையோ, அதுவே எல்லோருக்கும் விலை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு மேஜை. விநியோக நிறுவனத்துப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு வேண்டும் என்று சுற்றின் ஆரம்பத்தில் ஒரு எண்ணைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது. பிறகு தட்டில் இருக்கும் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் அது பிஸ்கட் மேஜை ஆகிவிட்டது.

ஒழுங்குமுறை மேஜையில் சின்னவளும் வக்கீலும்.

முதல் சுற்றில் விலை ஒன்பது. நல்லபடியாகப் போனது. இரண்டாவது சுற்றில் ஊர்த்தேவை ஏறியது. தயாரிக்கும் மேஜை ஒன்றில் கோட்டுப் போட்ட ஒருவன் இருந்தான். அந்தக் குளிரிலும் வியர்க்கிற மாதிரி கோட்டு. அவன் ஒரு சீட்டில் துணிந்து பதினைந்து என்று எழுதிப் போட்டான். தேவை அதிகம் என்பதால் அதையும் எடுக்கவேண்டி வந்தது. எல்லோருக்கும் பதினைந்து! கோட்டுக்காரன் எழுந்து நாடகம் முடிந்த நடிகன் போல நாலு பக்கமும் குனிந்து வணங்கினான்.

"இவனை விட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவான். உச்சவரம்பு போடு" என்றான் வக்கீல்.

சின்னவள் கணக்குப் போட்டாள். இருப்பதிலேயே செலவு அதிகமான நிலையத்துக்கு என்ன ஆகும், மேலே கொஞ்சம் லாபம், கொஞ்சம் பாதுகாப்பு. பன்னிரண்டு வந்தது. இரண்டு முறை சரிபார்த்தாள். வக்கீல் அதைக் கம்பீரமான ஆணையாக எழுதிப் பலகையில் ஒட்டினான். பன்னிரண்டுக்கு மேல் யாரும் கேட்கக்கூடாது. மண்டபம் கைதட்டியது.

மூன்றாவது சுற்றில் விலை பன்னிரண்டு. நாலாவது சுற்றிலும் பன்னிரண்டு. அடுத்த சுற்றில் தேவை இறங்கியது, விலை இறங்கவில்லை. செலவே இல்லாமல் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற நிலையத்தின் சீட்டைப் பிரித்தால் அதிலும் பன்னிரண்டு. முன்பு ஒன்பதுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒன்பதை மறந்துபோயிருந்தார்கள்.

டீ இடைவேளையில் கோட்டுக்காரன் இவளைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினான்.

"புகார் மேடம், உங்க பன்னெண்டு எங்களுக்கு ரொம்ப வசதிங்க. யோசிக்கிற வேலையே மிச்சம்."

கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் அவள் மண்டையில் சுருக்கென்று உறைத்தது. கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆடை கட்டிப்போய் டீ ஆறியது.

வக்கீலுக்கோ தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். மறுநாள் விளையாட்டின் கடைசிக் கட்டம், விசாரணை. நடுவராக மேடமே வந்து உட்காரப் போகிறார்.

"கூட்டுச்சதி! மூணு மேஜையும் பேசி வச்சுக்கிட்டு ஒரே விலை எழுதறாங்க. இதுக்கு மேல சாட்சி வேணுமா? நாளைக்கு வெளுத்து வாங்கிடலாம்."

"அவங்க பேசிக்கல" என்றாள் சின்னவள் மெதுவாக. "அந்த எண்ணை நாமதான் பலகையில ஒட்டினோம். எல்லாரும் அதைப் பாத்து எழுதறாங்க."

"நாம போட்டது எல்லை. எல்லையிலயே போய் நில்லுங்கன்னா சொன்னோம்?"

"சொல்லல. ஆனா எங்க நிக்கணும்னு காட்டிட்டோமே."

வக்கீல் அவளை உற்றுப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. கவலையோடுதான் கேட்டான். "கணக்குப் போட்டது நீ. என் கணக்குத் தப்புன்னு மேடம் முன்னாடி நீயே எழுந்து சொல்லப்போறியா? மேல போற ஆசை இல்லையா உனக்கு?"

அவள் கை காதுக்குப் போனது.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது அக்காவின் கடையில் இஸ்திரிப் பெட்டி ஆறிக் கிடந்தது. அக்கா மடியில் சட்டைகளைக் குவித்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கசங்கிய சட்டையோடு வாசலில் நின்றார்.

"இதை இப்பவே ஒரு இழுப்பு இழுத்துக் குடுங்க."

"காலையில வாங்கிக்குங்க அண்ணே."

"அவசரம்மா."

"அவசரம்னா அடுத்த தெருவுல கடை இருக்கு. இந்த நேரத்துக்கு நான் பெட்டியைத் தொடறதில்ல."

அவர் அடுத்த தெரு இருக்கும் திசையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். "சரி, காலையிலயே குடுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மாதக்கணக்காகத் தினமும் பார்த்த காட்சிதான். இன்றைக்குத்தான் சின்னவள் நின்று பார்த்தாள்.

"அக்கா, விலை எவ்வளவுக்கு மேல போனா நீ பெட்டியைத் தொடமாட்டே?"

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பட்டன் தைச்சு வர்றதைவிட இஸ்திரி போட்டுக் கரண்டுக்குப் போறது அதிகம்னா தொடமாட்டேன். இதுல என்ன?"

"இதை யாராவது உன்கிட்ட கேட்டிருக்காங்களா?"

"யாரு கேப்பா? பில்லு வரும், கட்டுவேன். அதுக்கப்புறம் நானே ஒரு முடிவு பண்ணிக்கிட்டேன்." தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். "காது ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"நாளைக்குப் பேசணும்க்கா. பேசினா வேலை போனாலும் போகும்."

"பேசலேன்னா இருக்குமா?"

"தெரியல."

"அப்பப் பேசிட்டே போ."

"காதாவது மிஞ்சும்" என்று உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

மறுநாள் காலையில் சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தோடுகளையும் கழற்றினாள். கீழே வந்து அக்காவின் பட்டன் டப்பாவில் போட்டு மூடினாள். அக்கா பார்த்தாள். 

விசாரணைக்கு மண்டபத்தின் மேஜைகளை எல்லாம் திருப்பிப் போட்டிருந்தார்கள். நடுவில் மேடம். பக்கத்தில் பயிற்சியாளர், மணியோடு. பேச விரும்புகிறவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும் என்பது அங்கே விதி. "கை தெரியலேன்னா ஆள் இல்லேன்னு அர்த்தம். மணி அடிச்சுட்டா விசாரணை முடிஞ்சுது" என்று பயிற்சியாளர் அறிவித்தார்.

வக்கீல் பேசினான். நன்றாகவே பேசினான். மூன்று மேஜைகளின் சீட்டுகளையும் பலகையில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினான். பார்த்தவர்களுக்கே கோட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போடலாமா என்று இருந்தது.

கோட்டுக்காரன் எழுந்தான். "மேடம், நாங்க மூணு மேஜையும் மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடறதுன்னுகூட ஒத்துப்போகல. சண்டை போட்டுத் தனித்தனியாப் போய்ச் சாப்பிட்டோம். நாங்க எங்க விலை பேசறது?"

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"அப்படின்னா எல்லாச் சீட்டுலயும் ஒரே விலை எப்படி வந்துச்சு?" என்று மேடம் கேட்டார்.

கோட்டுக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"வேற யாராவது பேசணுமா?"

பயிற்சியாளரின் விரல் மணிக்குப் போனது. சின்னவளின் கை எழுந்தது. தோள் வரை வந்தது. பழகிய வழியில் காதுக்குப் போனது. அங்கே திருக ஒன்றும் இல்லை. விரல்கள் வெறும் காதைத் தடவி ஒரு கணம் திகைத்தன. திரும்பி மடிக்கு வரவும் வெட்கமாக இருந்தது போல, அந்தக் கை மேலே போனது. தலையைத் தாண்டிப் போனது. முழங்கை நிமிர்ந்து, சட்டைக் கை பின்னால் சரிய, விசிறியைத் தொடப்போகிறவள் மாதிரி நின்றது.

"சொல்லுங்க" என்றார் மேடம்.

"இது சதி இல்ல மேடம்." முதல் சொற்கள் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பன்னெண்டுங்கறது நான் போட்ட கணக்கு. கணக்குல பிசகு இல்ல. அதைப் பலகையில ஒட்டினதுதான் பிசகு. அதுக்கு முன்னாடி மத்தவன் என்ன எழுதுவானோன்னு ஒவ்வொருத்தருக்கும் பயம் இருந்துச்சு. அந்தப் பயத்துலதான் விலையைக் குறைச்சு எழுதினாங்க. நாங்க ஒரு எண்ணைக் காட்டி அந்தப் பயத்தைப் போக்கிட்டோம்."

 வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை.

"அதாவது, தப்புப் பண்ணினது உங்க மேஜைங்கறீங்க?"

"ஆமா மேடம். ஆணை தப்பு. எங்க ஆணையை நாங்களே திரும்பப் பரிசீலிக்கணும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் தெரியவில்லை.  அப்போது பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது. வக்கீல் எழுந்தான்.

"தன் ஆணையைத் தானே மறுபரிசீலனை பண்ண ஒழுங்குமுறை மேஜைக்கு அதிகாரம் இருக்கு மேடம். விளையாட்டு விதியிலயே இருக்கு." உட்காரும்போது இவள் காதில் மட்டும் விழும்படி, "முன்னாடியே இப்படிச் சத்தமாச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றான்.

"சரி, வரம்பை எடுத்துட்டா இவர் திரும்பவும் பதினைஞ்சு எழுதுவாரே?" மேடம் கோட்டுக்காரனைக் காட்டினார். அவன் பெருமையாகத் தலையாட்டினான்.

"எழுதட்டும் மேடம். வாங்கறவங்களுக்கும் சீட்டு குடுத்துட்டு எழுதச் சொல்லுங்க. இப்ப அவங்ககிட்ட எவ்வளவு வேணும்னு மட்டும்தான் கேக்கறோம். என்ன விலைக்கு மேல போனா வேண்டாம்னு கேக்கறதே இல்ல. விலை ஏறினா இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டுப் பட்டன் தைக்கறவங்க ஊர்ல இருக்காங்க. அது சீட்டுல வரணும்."

பிஸ்கட் மேஜையில் ஒரு பெண் பாதிக் கடியோடு நிமிர்ந்தாள். "எங்களுக்கா? நாங்களும் எழுதலாமா?"

"வாதம் போதும். ஆடியே பாத்துடலாம். பதினைஞ்சு வந்த அதே இரண்டாவது சுற்று" என்றார் மேடம்.

பிஸ்கட் மேஜையைப் பார்க்க வேண்டுமே! தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று ஒரே பேச்சு. தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பிறகு ஓட்டலாம். குளிர்பதனக் கிடங்கு ஒரு மணி நேரம் தாங்கும். ஆஸ்பத்திரியைத் தொடக்கூடாது, அது என்ன விலையானாலும் வேண்டும். எட்டுக்கு மேல் போனால் இவ்வளவு வேண்டாம், பன்னிரண்டுக்கு மேல் போனால் இன்னும் இவ்வளவு வேண்டாம் என்று எழுதி மடித்தார்கள். கோட்டுக்காரன் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதி, சீட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்துத் தட்டில் போட்டான்.

பயிற்சியாளர் அடுக்கினார். கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஏழு, ஏழரை, எட்டு, எட்டரை. அங்கே நின்றது கை.

"தேவை முடிஞ்சுது. விலை எட்டரை."

"எங்க சீட்டு?" என்றான் கோட்டுக்காரன்.

பயிற்சியாளர் பிரித்துக் காட்டினார். பதினெட்டு. "இது வரைக்கும் வரவே இல்ல தம்பி. உங்க நிலையம் இன்னிக்குச் சும்மா நிக்குது."

மண்டபமே வெடித்துச் சிரித்தது. பிஸ்கட் மேஜை முழுதும் எழுந்து, அவன் அன்றைக்கு வணங்கிய மாதிரியே நாலு பக்கமும் குனிந்து வணங்கியது. கோட்டுக்காரன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். அடுத்த சுற்றில் அவன் எழுதியது எட்டு. பயிற்சியாளர் காரணமே இல்லாமல் மணியை விடாமல் அடித்தார்.

சத்தம் அடங்கியதும் மேடம் சொன்னார்: "நல்லா இருந்துச்சு. ஆனா நிஜத்துல ஒவ்வொரு கடைக்கும் சீட்டு குடுத்துட முடியாது. அதுக்கு ஏத்த மீட்டர் வேணும். எழுதினபடி நடக்கறாங்களான்னு பாக்கணும். ஏமாத்தறவங்க வாங்கற பக்கமும் இருப்பாங்க. லேசு இல்ல."

"அதையெல்லாம்தான் மேல உக்காந்து பாக்கணும் மேடம்" என்று சின்னவளின் வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான், தான் வேலை கேட்டிருக்கிறோம் என்று அவளுக்கே புரிந்தது. முகம் குப்பென்று சிவந்தது. கை காதுக்குப் போகப் பார்த்தது. அதை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

மேடம் சிரித்தார். "திங்கக்கிழமை மேல வாங்க. அதுக்கு முன்னாடி கீழ கவுன்ட்டர் சாவியைக் குடுத்துட்டு வாங்க."

வக்கீல் முதலில் கைதட்டினான். பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் தட்டினான், ஆனால் பலமாகத் தட்டினான்.

அன்று பஸ்ஸில் வீட்டு நிறுத்தம் வரும்போது, "இறங்கணும்!" என்று சின்னவள் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து அவளோடு இறங்கிவிட்டார்.

"ஏம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் கண்டக்டர்.

கடையில் அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை தெருமுனையில் திரும்பியபோதே, நடையைப் பார்த்து அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டப்பாவைத் திறந்து தோடுகளைத் தேடி எடுத்து நீட்டினாள். ஒன்றில் நூல் சுற்றியிருந்தது.

"வேலை போச்சா, இருக்கா?" என்று அம்மா படியில் நின்று கேட்டாள்.

"மேல போயிடுச்சும்மா."

"மேலன்னா?"

"மூணாவது மாடி."

"லிஃப்ட் இருக்கா?" என்றாள் அம்மா. அப்புறம்தான் மகளைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் சின்னவள் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சாயங்காலம் விலை ஏன் ஏறுகிறது என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். பட்டன்களை வரிசையாக அடுக்கிக் காட்டினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசிப் பட்டன் விலைதான் எல்லாத்துக்குமா? அநியாயமா இருக்கே" என்றாள். அதைப் பற்றி இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். இன்னும் அந்தச் சண்டை தீரவில்லை.

இப்போது சின்னவள் சந்தைக் கண்காணிப்புப் பிரிவில் நிரந்தரமாக இருக்கிறாள். வக்கீலும் அடுத்த வருடமே அங்கே வந்து சேர்ந்துவிட்டான், எதிர் மேஜை. அறிமுகப் பயிற்சி வருடா வருடம் நடக்கிறது. வாங்குகிறவர்கள் மேஜையில் முதல் சுற்றிலிருந்தே சீட்டும் பேனாவும் வைக்கிறார்கள், பிஸ்கட்டும் உண்டு. அக்காவின் கடையில் சாயங்காலம் பட்டன், காலையில் இஸ்திரி. சின்னவள் தோடு போட்டுக்கொள்கிறாள். கை தூக்கும்போது அதைத் தொடுவதில்லை.